பெசன்ட் நகரில் எனக்குப் பிடித்த பத்து

2017-இல் ஓர் இதழிலிருந்து என்னைக் கேட்டார்கள். பெசன்ட் நகரில் குடியிருக்கும் கவிஞர் என்ற முறையில், வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாத, உள்ளூர்வாசிக்கு மட்டுமே தெரிந்த பத்து இன்பங்களைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாற்பது சொற்கள் போதும் என்றார்கள். அந்தப் பகுதிக்கு நான் குடிவந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தை தூங்கிய இரண்டு மணி நேரத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். என் கவிதைகளுக்குக் கிடைக்காத அளவு பாராட்டு அந்தப் பட்டியலுக்குக் கிடைத்தது.

பட்டியல் இதுதான். விடியலில் எலியட்ஸ் கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பது. ஷ்மிட் நினைவு மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது. அஷ்டலட்சுமி கோயிலின் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்ப்பது. வேளாங்கண்ணி மாதா கோயிலின் மாலை மணியைக் கேட்பது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தின் ஆலமரத்தடிக்குப் போய் வருவது. கலாக்ஷேத்ராவின் பக்கம் நடக்கும்போது காதில் விழும் தட்டுக்கழிச் சத்தம். குப்பத்துப் பெண்களிடம் பேரம் பேசி மீன் வாங்குவது. இரவில் கடற்காற்றோடு தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். 29சி பேருந்தில் ஜன்னலோர இருக்கை. பத்தாவதாக, ஜனவரி தொடங்கியதும் நடக்கும் ஆமை நடை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பயண இலக்கியம் பற்றிய வகுப்பில் இந்தப் பட்டியலையே பயிற்சிக்குக் கொடுத்தேன். இதைப் படித்துவிட்டு உங்கள் ஊருக்கு இப்படி ஒன்று எழுதி வாருங்கள் என்றேன். மறுநாள் ஒரு மாணவி எழுதாமல் வந்தாள். பெசன்ட் நகரை ஒட்டிய குப்பத்தில் அவளுடைய வீடு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள்.

“மேம், நான் புதுசா என்னத்த எழுதறது? என் ஊரத்தான் நீங்க எழுதிட்டீங்களே” என்றாள். பிறகு தயங்கி, “ஏழாவது இருக்குல்ல மேம், பேரம் பேசறதே ஒரு கலைன்னு. எங்கம்மா மீன் விக்கிறவங்க. தண்டலுக்கு வாங்கின காசுலதான் ஏலம் எடுக்கிறாங்க. நீங்க குறைக்கிற இருபது ரூபா உங்களுக்குக் கலை, எங்களுக்கு அன்னிக்கு வட்டி” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. ஒரு சொல்லுக்கு அகராதியில் விட்டுப்போன பொருளைச் சொல்வதுபோலச் சொன்னாள். அன்று நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி. என் பட்டியலை வேறொருவர் எழுதிய பிரதியாக எடுத்துக்கொண்டு படித்துப் பார்க்கிறேன்.

உள்ளூர்வாசி ஒருவர் தனக்குப் பிடித்தவற்றைச் சொல்லி வெளியூர்க்காரரை அழைக்கும் எழுத்து தமிழுக்குப் புதிதில்லை. ஆற்றுப்படை என்று அதற்கு ஒரு துறையே இருக்கிறது. பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது அதன் அடிப்படை. எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே என்ன உணவு கிடைக்கும், எந்த ஊரில் யார் வரவேற்பார்கள் என்று விரிவாகச் சொல்லும் இலக்கியம் அது. தொல்காப்பியம் ஆற்றுப்படைக்கு உரியவர்களாகக் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்று நால்வரைச் சொல்கிறது. முதல் மூவருக்கும் பத்துப்பாட்டில் நெடும்பாட்டுகள் உண்டு. பாணர்க்கு இரண்டு. நான்காமவளான விறலிக்கு அங்கே ஒரு பாட்டும் இல்லை. விறலியாற்றுப்படை புறநானூறு, பதிற்றுப்பத்து ஆகியவற்றின் சில சிறு பாடல்களோடு நின்றுவிடுகிறது.

ஆனால் நெடும்பாட்டுகளில் பெண் இல்லாமல் இல்லை. பொருநராற்றுப்படையில் பாடினியின் கூந்தல் தொடங்கிப் பாதம் வரை வருணனை ஓடுகிறது. அவளும் அதே வெயிலில், அதே பசியோடு நடந்து வந்தவள்தான். வழி சொல்லும் வாயும் வழி கேட்கும் காதும் ஆண்களிடம் இருக்க, அவள் வழியில் பார்க்கத்தக்க காட்சிகளில் ஒன்றாகிறாள். முனைவர் பட்டத்துக்காக இந்த வரிகளை எத்தனையோ முறை படித்தவள் நான். என் ஏழாவது எண்ணில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எழுதும்போது அதே வேலையைத்தான் செய்கிறேன் என்பது உறைக்கவில்லை. அவளுடைய கைவளை, வெற்றிலைச் சிவப்பு, சிரிப்பு எல்லாம் என் நாற்பது சொற்களுக்குள் இருந்தன. அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பது இல்லை.

இரவு இரண்டு மணிக்கு எழுகிறாள். நான்கைந்து பெண்கள் பங்கு போட்டு ஒரு லோடு ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஏலம். சங்கராவோ காரப்பொடியோ அன்றைக்குக் கட்டுப்படியானதை எடுத்து, ஐஸ் வாங்கி, மறுபடி ஆட்டோவில் ஏறி, விடியும்போது வந்து கூறு போட்டு உட்காருகிறாள். ஐஸ் உருக உருக விலை இறங்கும். அது தெரிந்துதான் நான் பத்து மணிக்குப் போவேன். சாயங்காலம் தண்டல்காரர் வருவார். இவ்வளவும் அந்த மாணவி பிறகு சொல்லித் தெரிந்துகொண்டவை. பதினோரு ஆண்டுகள் அந்தப் பெண்களிடம் மீன் வாங்கியவள், உள்ளூர்வாசி என்ற தகுதியில் எழுதியவள், இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அப்படியானால் உள்ளூர்வாசி யார்? குப்பம் அங்கே முதலில் இருந்தது. நகர் பிறகுதான் வந்தது. ஆனாலும் ‘உள்ளூர்வாசிக்குப் பிடித்தவை’ என்ற தலைப்புக்கு எழுத யாரும் குப்பத்துக்குள் போய்க் கேட்பதில்லை. இந்த எழுத்து வகையில் உள்ளூர்வாசி என்றால் ஓர் இடத்தில் நீண்டகாலம் வாழ்ந்தவர் என்று பொருளில்லை. அந்த இடத்தில் ஓய்வாக இருக்க முடிந்தவர் என்று பொருள். வேலை செய்பவர் சூழலின் பகுதியாகிவிடுகிறார். ஓய்வில் இருப்பவர் சூழலை எழுதுகிறார். சுண்டல் விற்கும் சிறுவன், திங்கள் காலையில் ஞாயிறு இரவின் குப்பையைக் கூட்டும் பெண்கள், அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு வெயிலில் நடந்து திரும்பும் பெண்கள் ஆகிய எல்லோருக்கும் அந்தத் தெருக்கள் என்னைவிட நன்றாகத் தெரியும். பிடித்தது எது என்று அவர்களிடம் கேட்கலாம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை.

ஆனால் இந்த விமர்சனத்தை இங்கேயே முடித்தால் இன்னொரு உண்மை மறைந்துவிடும். நான் மட்டும் அந்த ஓய்வை முழுதாக அனுபவித்தேனா? பட்டியலின் முதல் எண்: விடியலில் தனியாக நடப்பது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் எத்தனை விடியல் நடந்திருப்பேன் என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தேன். குழந்தை பிறக்கும் முன் சில மாதங்கள். அம்மா வந்து தங்கியிருந்த இரண்டு கோடைகள். அவ்வளவுதான். மற்ற நாட்களில் விடியல் என்பது குக்கர் சத்தம். ஷ்மிட் மண்டப நிழலில் புத்தகம் படித்தது மொத்தம் மூன்று முறை. மூன்றாவது முறை, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓர் ஆண் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. ஆனால் பட்டியலில், அது என் வழக்கம் என்பதுபோல எழுதினேன். எனக்குப் பிடித்தவை என்று நான் எழுதியவற்றில் பாதி, எனக்கு வாய்த்திருந்தால் பிடித்திருக்கும் என்ற வகையைச் சேர்ந்தவை.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆய்ந்து 2011-இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் இதைப் பற்றித்தான் பேசுகிறது. பொதுவெளியில் ஒரு பெண் தன் இருப்புக்குக் காரணம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கையில் பை, காதில் போன், நடையில் வேகம் எல்லாமே “நான் ஒரு வேலையாகப் போகிறேன்” என்ற அறிவிப்புகள். வேலையே இல்லாமல் சும்மா நிற்கும் உரிமையைத்தான் நகரம் பெண்ணுக்குத் தர மறுக்கிறது என்பது அவர்களுடைய வாதம். வர்ஜீனியா வுல்ஃப் 1927-இல் லண்டன் தெருக்களில் நடந்ததை எழுதும்போதுகூட, ஒரு பென்சில் வாங்கும் சாக்கோடுதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். நம் வீடுகளில் அந்தப் பென்சிலுக்குப் பெயர் கறிவேப்பிலை. கறிவேப்பிலை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்த பெண்கள் எங்கள் தெருவில் என்னோடு சேர்த்துக் குறைந்தது நால்வர் இருந்தோம். நால்வரும் ஒருவரை ஒருவர் கடற்கரையில் பார்த்தால் பார்க்காததுபோலக் கடந்துவிடுவோம்.

பட்டியலில் கழிப்பறை இல்லை. எழுதும்போது அது நினைவுக்கு வரவேயில்லை என்று சொன்னால் பொய். கடற்கரைக்குப் போகும் முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது என் உடம்புக்குப் பழகிய ஒழுங்கு. பெண்களாக வந்த தோழிகளை அழைத்துப் போகும்போது எந்தக் கடையில் காபி வாங்கினால் கழிப்பறைக்குப் போக அனுமதிப்பார்கள் என்பதுதான் உண்மையில் நான் அறிந்த உள்ளூர் ரகசியம். வெளியிலிருந்து வருபவருக்குப் பயன்படக்கூடிய ஒரே தகவலும் அதுதான். அது அழகாக இல்லை என்பதால் விட்டுவிட்டேன். பிடித்தவற்றின் பட்டியல் எழுதும் பெண், தன் உடம்பை வீட்டில் வைத்துவிட்டுத்தான் எழுத உட்காருகிறாள்.

சிலப்பதிகாரத்தில் மதுரை இரண்டு முறை நடந்து பார்க்கப்படுகிறது. ஊர்காண் காதையில் கோவலன், கண்ணகியைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளின் காவலில் விட்டுவிட்டு நகரைப் பார்க்கப் போகிறான். மணிகள் விற்கும் தெரு, பொன் கடைத்தெரு, துணிக்கடைத்தெரு, கூலக்கடைத்தெரு, கணிகையர் வீதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறான். பிழைக்க வழியின்றி, மனைவியின் சிலம்பை விற்க வந்த ஊர் அது. இருந்தாலும் அவனுக்கு ஊரைச் சுற்றிப் பார்க்க மனம் இருக்கிறது, காலம் இருக்கிறது. உடன் வந்தவளுக்கும் ஊர் பார்க்க ஆசை இருக்குமோ என்று காப்பியத்தில் யாரும் கேட்பதில்லை.

கண்ணகி மதுரையின் தெருக்களில் நடக்கும் பகுதிக்கு ஊர்சூழ் வரி என்று பெயர். கணவன் கொல்லப்பட்ட பிறகு, ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி அவள் நடக்கிறாள். அவளுக்கு இப்போது தெருவில் இருக்க மறுக்கமுடியாத ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஊரை நோக்கி அவள் அடுக்கும் மூன்று கேள்விகளில் முதலாவது, இங்கே பெண்கள் இருக்கிறார்களா என்பது. உரைகாரர்கள் இதைக் கற்பு சார்ந்த கேள்வியாக விளக்குவார்கள். அது சரியான விளக்கம்தான். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது, அதை நேர்ப்பொருளிலும் கேட்டுப் பார்க்கத் தோன்றும். பெருந்தெருவில் நின்று கேட்கிறாள்: இந்த ஊரில் பெண்கள் எங்கே?

மதுரைக்காஞ்சியில் சிலர் இருக்கிறார்கள். நரைத்த கூந்தலோடு பூவும் மணப்பொருளும் ஏந்தி வீடுவீடாக விற்கும் முதிய பெண்கள். தெருவில் நடமாட அவர்களுக்குத் தடையில்லை. முதுமையும் வியாபாரமும் சேர்ந்து அவர்களுக்கு அனுமதி வழங்கியிருக்கின்றன. என் மாணவியின் தாய்க்கும் அதே அனுமதிதான். கூடை இருக்கும்வரை தெருவில் உட்காரலாம். கூடை காலியான பின்னும் அதே இடத்தில் அரை மணி நேரம் காற்று வாங்க உட்கார்ந்திருந்தால், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களாம். விற்கும்போது அழகாக இருந்தவள், விற்காதபோது இடைஞ்சல்.

இது வெறும் பார்வைப் பிரச்சினையில்லை. அடையாறு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், பட்டினப்பாக்கம் லூப் சாலையில் 2023 ஏப்ரலில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பத்து மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். 2024-இல் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோப்புகளில் அவர்களுடைய பெயர் ஆக்கிரமிப்பு.

என் பட்டியலில் அவர்களுடைய பெயர் உள்ளூர் வாசனை. இரண்டு சொற்களும் எதிரெதிரானவை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்று விரட்டுகிறது, மற்றது ரசிக்கிறது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் நின்று பார்க்கின்றன. அந்தச் சாலை கடந்துபோகிறவருக்கு உரியது என்று இரண்டும் நம்புகின்றன. கடந்துபோகிறவர் காரில் இருந்தால் அவள் தடை. நடந்துபோனால் அவள் காட்சி. அது அவளுடைய வீட்டு வாசல் என்பது இரண்டுக்கும் தெரியாது. ஒரு பகுதி நாகரிகமாக மாறும்போது முதலில் ரசனைக் கட்டுரைகள் வருகின்றன, பிறகு வாடகை ஏறுகிறது, அதன்பின் அகற்றும் ஆணைகள் வருகின்றன. என் நாற்பது சொற்களால் யாரும் வெளியேற்றப்படவில்லை. ஆனால் வெளியேற்றுவதற்கு முன் ஒரு மனிதரைக் காட்சியாக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு.

பகுதியின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். இளைஞர்கள் அதைப் ‘பெஸ்ஸி’ என்று செல்லமாகச் சுருக்கிவிட்டார்கள். அன்னி பெசன்ட் 1877-இல் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக லண்டனில் வழக்கைச் சந்தித்தவர். அதைக் காரணம் காட்டி, தாயாக இருக்கத் தகுதியற்றவர் என்று மறு ஆண்டே அவருடைய மகள் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டாள். 1888-இல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். பிரம்மஞான சபைக்கு வந்தபின் தன் கருத்தடை நிலைப்பாட்டை அவரே கைவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலான பெண்ணின் பெயர் தாங்கிய நகரில், இரவு பத்து மணியை ஒட்டி ஜோடிகளை எழுப்பிவிடும் காவலரின் குரலில் இன்னும் அதே தகுதிக் கேள்வி கேட்கிறது. ஐந்தாவது எண்ணில் ஆலமரத்தைப் பற்றி நாற்பது சொற்கள் எழுதிய நான், அதே தோட்டத்தில் வாழ்ந்து 1933-இல் இறந்த அவருக்கு ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. மரம் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும்.

ஆறாவது எண்ணின் தட்டுக்கழிச் சத்தமும் அப்படித்தான். ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியதைத் துணிச்சல் என்று நாம் கொண்டாடுகிறோம். துணிச்சல்தான். அந்த ஆட்டத்தைத் தலைமுறைகளாக ஆடிவந்த பெண்கள் 1947-இன் தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் மேடையிலிருந்து மறைந்தார்கள். 1930-இல் தன் வீட்டு வாசலில் அடைக்கலம் கேட்டு வந்த பெண்களுக்காக முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லம் இதே அடையாற்றில் இருக்கிறது. நடந்து போகும் தூரத்துக்குள் மூன்று வரலாறுகள்: ஆட்டத்தை எடுத்துக்கொண்டவர்கள், ஆடியவர்களைக் காக்க நினைத்தவர்கள், ஆட்டத்தை இழந்தவர்கள். முதல் இருவருக்கும் முகவரி உண்டு. மூன்றாமவருக்கு எந்தத் தெருவிலும் பெயர்ப்பலகை இல்லை. ஒரு பகுதியின் இன்பங்களைப் பட்டியலிடுகிறவர் முகவரி உள்ளவற்றைத்தான் பட்டியலிட முடிகிறது.

எல்லாவற்றையும் கிழித்துப்போட வேண்டுமா? அப்படி நினைக்கவில்லை. இன்பத்தைப் பேசுவதே குற்றம் என்று முடிவுக்கு வரும் பெண்ணியம் பழைய மாமியாரின் குரலில் பேசத் தொடங்கிவிடும். என் பட்டியலின் ஒன்பதாவதும் பத்தாவதும் இன்றும் எனக்குப் பிடித்தவை. அவற்றை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது.

ஆமை நடையை மாணவர்கள் 1988 முதல் நடத்திவருகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், நள்ளிரவுக்கு மேல் மணலில் நடப்பார்கள். பங்குனி ஆமைகள் கரையேறி இட்டுச்சென்ற முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பார்கள். நான் நான்கு முறை போயிருக்கிறேன். என் வாழ்நாளில் இரவு இரண்டு மணிக்குப் பயமில்லாமல் வெளியில் நடந்தது அந்த நான்கு இரவுகள்தான். அதைப் பட்டியலில் இயற்கை அனுபவம் என்று எழுதினேன். உண்மையில் அது அனுமதி அனுபவம். ஆமையைக் காப்பாற்றப் போகிறேன் என்றால் வீட்டில் விடுவார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றால் விடமாட்டார்கள். ஆமை என்னுடைய கறிவேப்பிலை. பிறகுதான் நேரம் உறைத்தது. நான் இன்பமாக மணலில் நடந்த அதே இரண்டு மணிக்கு, அதே கரையில் ஒரு வீட்டில் மாணவியின் தாய் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்திருப்பார். ஒரே இரவு, ஒரே இருட்டு, இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அது சாகசம், இன்னொருத்திக்கு ஷிப்ட்.

29சி பற்றிச் சொல்ல வேண்டும். பெரம்பூரிலிருந்து புறப்பட்டு நகரத்தின் நடுவே வந்து பெசன்ட் நகரில் முடியும் பேருந்து. 2017-இல் நான் அதைப் பழைய நினைவின் அழகாக எழுதினேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு அந்த ஜன்னலோர இருக்கையின் பொருள் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வடசென்னையிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். பாட்டி, மகள், பேத்தி, பக்கத்து வீட்டு அக்கா. சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்து மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரிடமும் காசு கேட்காமல் வந்தவர்கள் என்பதால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “இப்போதெல்லாம் பெஸ்ஸியில் கூட்டம் தாங்கவில்லை, தரம் குறைந்துவிட்டது” என்று எழுதினார். அந்தத் ‘தரம்’ என்ற சொல்லில் யார் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முறை நான் பதில் எழுதினேன். குழுவில் சில நாள் அமைதி நிலவியது.

சும்மா இருக்கும் உரிமை எனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டால், அந்த உரிமையை வாங்கித் தரக் காவலரும் கேமராவும் வேலியும் ஓடிவரும். நடைபாதை சுத்தமாகும், விளக்கு எரியும், நான் பாதுகாப்பாகப் புத்தகம் படிக்கலாம். அந்தச் சுத்தத்தில் முதலில் அகற்றப்படுவது மீன்கூடை. மூன்று மும்பை ஆய்வாளர்களும் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: மற்றவர்களை விலக்கிப் பெறும் பாதுகாப்பு பெண்ணுக்கு விடுதலை ஆகாது. மும்பையில் பிறந்த அந்த வரியை நான் ஒப்புக்கொண்டு அடிக்கோடிட்டிருக்கிறேன். அடுத்த வாரமே பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்திருக்கிறேன்.

இப்போது பேரம் பேசுவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பேரம் பேசாததால் தண்டல் வட்டி குறைந்துவிடாது. கூட்டுறவுக் கடனும், ஏலத்துக்கு அருகே குளிர்பதன வசதியும், உட்கார நிழலும், கழிப்பறையும் கேட்டு அந்தப் பெண்கள் பேசும்போது அவர்களுடைய பக்கம் நிற்பதுதான் செய்யக்கூடியது. விமர்சகர் என்ற முறையில் என்னால் முடிந்த சிறிய காரியம் வேறொன்று. ‘உள்ளூர்வாசி’ என்று யாராவது என்னை அழைத்தால், எந்த ஓய்வின் பேரில், யாருடைய உழைப்பின் பேரில் என்று என்னையே கேட்டுக்கொள்வது.

அந்த மாணவி முதுகலை முடித்துவிட்டாள். போன மாதம் பார்க்க வந்தாள். பழைய பட்டியலைப் பற்றிப் பேச்சு வந்தது. உன் அம்மாவுக்கு அங்கே பிடித்த இடம் எது என்று கேட்டேன். பல ஆண்டுகள் தாமதமாக, அவரிடம் நேரில் கேட்க வேண்டியதை மகளிடம் கேட்டேன்.

அவள் சிரித்தாள். ஓர் இடம் இருக்கிறது என்றாள். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, பெரிய படகுகள் போகாத அந்த 61 நாட்களில் அம்மாவும் அவருடைய சேத்தாளிகளும் மதிய நேரத்தில் அங்கேதான் இருப்பார்களாம். என்ன செய்வார்கள் என்றேன். “ஒண்ணும் செய்யமாட்டாங்க மேம், சும்மா இருப்பாங்க” என்றாள். எங்கே என்றும் சொன்னாள். நான் தினமும் கடந்துபோகும் வழியில்தான் அது இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அங்கே பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ வேலைக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, “எழுதிடாதீங்க மேம்” என்றாள்.

எழுதவில்லை.